என் தங்கைக்குத் துணை நின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

பேரன்புக்குரிய அயலவர்களுக்கும் நண்பர்களுக்கும்,

மனச்சிதைவு நோயுடன் வாழும் என் தங்கை இன்று கிளினிக்குக்கு ஒழுங்காகப் போய்வருகிறாள், வேலைக்குச் செல்கிறாள், சென்ற மாதம் தன் சம்பளத்தில் அம்மாவுக்கு மூக்குக்கண்ணாடி வாங்கிக் கொடுத்தாள். இதற்கு மருந்தும் மருத்துவர்களும் முதற்காரணம் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. ஆனால் அந்த மருந்து தன் வேலையைச் செய்வதற்கு, வீட்டுக்கு வெளியே எத்தனை பேர் தங்கள் நேரத்தையும் வழக்கத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது என்பதை அருகிருந்து பார்த்தவன் நான். அவர்களுக்கு ஊரறிய நன்றி சொல்ல விரும்புகிறேன். தங்கையின் சம்மதத்துடனேயே இதை எழுதுகிறேன். முழுவதையும் அவள் வாசித்துவிட்டாள், எவருடைய பெயரும் வேண்டாம் என்று சொன்னவளும் அவளே.

முதல் நன்றி கொழும்பு ஜம்பட்டா வீதிப் பக்கம் தையல் நிலையம் நடத்தும் அக்காவுக்கு. தங்கை எடுப்பது குளோசபின் என்னும் குளிசை. மற்ற மருந்துகளால் போதிய பலன் கிடைக்காதவர்களுக்குக் கொடுக்கப்படும் மருந்து அது. அவளை அலைக்கழித்த குரல்களை அது பெருமளவு அடக்கியது. ஆனால் இரவில் போடும் குளிசையின் தூக்கக்கலக்கம் மறுநாள் காலையிலும் விடுவதில்லை. எட்டரை மணிக்குக் கடை திறக்கும்போது அவளால் அங்கே இருக்க முடியாது என்பதை நான் விளக்கியபோது, அக்கா ஆறுதல் வார்த்தை எதுவும் சொல்லவில்லை. "பத்தரைக்கு வரட்டும், பின்னேரம் கொஞ்சம் பிந்திப் போகட்டும். சம்பளம் மற்றப் பிள்ளைகளுக்கு உள்ளதுதான்" என்றார். சேலைக்கு ஓரம் அடிப்பதும் சட்டைக்குக் கொளுக்கி தைப்பதும் அவளுடைய வேலை. உடல் சோர்ந்திருக்கும் நாட்களில் தையல் மெஷினில் இருத்தாமல் கைவேலையைக் கொடுப்பார். பிழையாகத் தைத்தால், மற்றவர்களுக்குச் சொல்வது போலவே, பிரித்துவிட்டுத் திரும்பத் தைக்கச் சொல்வார். தங்கை இதைத்தான் பெரிதாகச் சொல்கிறாள். நோய் இருப்பது தெரிந்த நாள் முதல் அவளிடம் பிழை என்று ஒரு சொல் சொல்வதற்கே எல்லோரும் அஞ்சிக்கொண்டிருந்தபோது, அவளுடைய வேலையை வேலையாகப் பார்த்துத் திருத்தியவர் அவர் ஒருவரே.

எங்கள் ஒழுங்கை முனையில் ஆட்டோ ஓட்டும் தம்பிக்கு நான் பட்டிருக்கும் கடன் வேறு வகையானது. குளோசபின் எடுப்பவர்களுக்கு இரத்தத்தின் வெள்ளணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறையக்கூடும் என்பதால், தொடக்க மாதங்களில் கிழமைக்கு ஒருமுறையும் அதன்பின் இடைவெளி கூட்டியும் இரத்தம் பரிசோதிக்க வேண்டும். சனநெரிசலான பஸ்ஸில் தங்கையால் ஏற முடியாதிருந்த காலம் அது. விடியற்காலையில் வந்து ஏற்றிப்போய், இரத்தம் எடுத்து முடியும்வரை காத்திருந்து திரும்பக் கொண்டுவந்து விடுவார்; காத்திருந்த நேரத்துக்கு ஒருநாளும் காசு வாங்கியதில்லை. ஒருநாள் சந்தைக்குப் போகும் வழியில், தங்கைக்குத் தொண்டை நோகிறது என்று அம்மா பேச்சோடு பேச்சாகச் சொன்னதும், "அப்படியென்றால் இன்றைக்கே இரத்தம் பார்க்க வேண்டும் அல்லவா?" என்று கேட்டு வண்டியைத் திருப்பியிருக்கிறார். காய்ச்சலோ தொண்டை நோவோ வந்தால் அடுத்த தவணைக்குக் காத்திருக்கக் கூடாது என்று கிளினிக்கில் எங்களுக்குச் சொன்னதை, எங்களை விட நன்றாக அவர் நினைவில் வைத்திருந்தார்.

2022 ஆம் ஆண்டை இங்கே எவரும் மறந்திருக்க மாட்டார்கள். எரிபொருளுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை, மருந்துக்குத் தட்டுப்பாடு. இந்தக் குளிசையை இரண்டு நாட்களுக்கு மேல் தவறவிட்டால், விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது. மிகச் சிறிய அளவிலிருந்து மறுபடியும் படிப்படியாகக் கூட்டிவர வேண்டும், அதற்குள் நோய் திரும்பிவிடலாம். கையிருப்பு முடிந்துகொண்டிருந்த அந்த நாட்களில், வெள்ளவத்தையில் பார்மசி வைத்திருக்கும் ஐயா தமக்குத் தெரிந்த கடைகளுக்கெல்லாம் ஒவ்வொன்றாகத் தொலைபேசி எடுத்து, கடைசியில் நீர்கொழும்பில் ஒரு கடையில் குளிசை இருப்பதைக் கண்டுபிடித்தார். ஆட்டோவுக்குப் பெற்றோல் இல்லை. மேல்மாடியில் குடியிருந்த பல்கலைக்கழக மாணவர் மருந்துத் துண்டை வாங்கிக்கொண்டு ரயிலில் போய் இரவு வீடு திரும்பினார். அந்த இருவரும் இல்லாமல் தங்கையின் அந்த வருடம் எப்படிப் போயிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவும் எனக்கு மனம் வருவதில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். என் வீட்டில் எவருக்கும் சிங்களம் சரளமாக வராது. சர்க்கரை நோயென்றால் இரத்தப் பரிசோதனை அறிக்கை மருத்துவருக்குப் பாதி கதையைச் சொல்லிவிடும். உளநோயில் நோயாளி பேசுவதே மருத்துவருக்கான சான்று. டீச்சர் எங்களுடன் கிளினிக்குக்கு வந்து, தங்கை சொன்னதை ஒழுங்குபடுத்தாமல், தொடர்பற்று வந்ததைத் தொடர்பற்றே சிங்களத்தில் சொன்னார். அவள் இடையில் நிறுத்தினால் தானும் நிறுத்தினார். மரியாதைக் குறைவாகப் படுமே என்று எதையும் மறைக்கவில்லை. மருந்தை மாற்றும் முடிவு அந்த உரையாடலுக்குப் பின்னர்தான் வந்தது. கொழும்பில் தமிழ் பேசும் குடும்பங்கள் பலவற்றுக்கு இப்படி ஒருவர் கிடைப்பதில்லை, கிடைக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நோயைப் பற்றிக் கேள்விப்பட்டதும் வாடகை வீட்டைக் காலிசெய்யச் சொன்னவர்களும் உண்டு. அதைப் பற்றி இங்கே பேசி நேரத்தைக் கழிக்க விரும்பவில்லை. அந்த வேளையில் தமது வீட்டின் கீழ்த்தளத்தை எங்களுக்குக் கொடுத்து, அக்கம்பக்கத்தாரிடம் தாமே சென்று நோயைப் பற்றிச் சொல்லிவைத்த அம்மாவுக்கும், ஒழுங்கைப் பிள்ளைகள், உளநல ஆஸ்பத்திரி இருக்கும் ஊரின் பெயரைச் சொல்லி 'அங்கொடை' என்று கூவிக் கேலிசெய்வதைத் தமது வகுப்பில் இருத்தி நிறுத்திய டியூஷன் மாஸ்டருக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது.

உலக உளநல தினமான ஒக்டோபர் 10 ஆம் திகதி கூட்டம் நடத்துவதற்கு மண்டபத்தை இலவசமாகத் தந்த ஆலய நிர்வாகத்தினருக்கும் நன்றி. கும்பிட வருகிறவர்களுக்கு இது சங்கடம் என்று எழுந்த பேச்சைப் பொருட்படுத்தாமல் அவர்கள் கதவைத் திறந்துவிட்டார்கள். அன்று பேசிய சட்டத்தரணி, தற்கொலைக்கு முயல்வது இந்நாட்டில் 1998 ஆம் ஆண்டிலிருந்து குற்றமன்று என்று சொன்னபோது, பின்வரிசையில் இருந்த ஒரு தாய் எழுந்து அதை மீண்டும் ஒருமுறை சொல்லச் சொன்னார். பொலிஸ் வருமே என்ற பயத்தில் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தயங்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அதே கூட்டத்தில், அங்கொடையிலுள்ள தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்ற உதவித் தொலைபேசி இலக்கத்தையும், மனம் நொந்தவர்களுக்கும் தற்கொலை எண்ணம் வந்தவர்களுக்கும் காதுகொடுப்பதற்காக 1974 இல் தொடங்கி இன்றுவரை தொண்டர்களால் நடத்தப்படும் சுமித்ரயோ அமைப்பையும் பற்றி எடுத்துச் சொன்ன தாதி அம்மணிக்கும் எங்கள் வணக்கம்.

அந்தக் கூட்டத்துக்கு வந்திருந்த சில குடும்பங்கள் இப்போது மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அதே மண்டபத்தில் சந்திக்கின்றன. டீச்சரும் வருகிறார், கிளினிக்குக்குத் துணைக்கு ஆள் தேவைப்படுபவர்கள் அவரிடம் அங்கேயே கேட்கலாம். தையல் நிலையத்தில் இன்னொருவருக்கு இடமிருப்பதாக அக்கா சொல்லச் சொன்னார். நேரத்தைப் பேசி வைத்துக்கொள்ளலாமாம்.

மிகுந்த நன்றியுடன்,
கொட்டாஞ்சேனையிலிருந்து ஓர் அண்ணன்