ஐந்து வருடம் கழித்துத் தாடை எங்கே?

ஐயா,

தாடை சீரமைப்பு அறுவை பற்றி உங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரை, முன்னும் பின்னும் எடுத்த படங்களோடு நன்றாகத்தான் இருந்தது. அந்தத் தாடை ஐந்து வருடம் கழித்தும் அதே இடத்தில் நிற்குமா என்பதை மட்டும் விட்டுவிட்டீர்கள்.

என் மகனுக்குக் கீழ்த்தாடை முன்துருத்தி இருந்தது. 16 வயதிலேயே, கல்யாண வீடுகளில் பார்த்தவர்களெல்லாம் "சட்டுனு ஆபரேஷன் பண்ணிருங்க" என்றார்கள். பாளையங்கோட்டையில் நாங்கள் பார்த்த டாக்டர்தான் தடுத்தார். வளர்ச்சி முடியும் முன்பே பின்னுக்குத் தள்ளினால், தாடை மறுபடி வளர்ந்து முன்னே வந்துவிடுமாம். வெவ்வேறு சமயம் எடுத்த எக்ஸ்ரேக்களை ஒப்பிட்டு, வளர்ச்சி நின்றது தெரிந்த பிறகு, 20 வயதில்தான் செய்தோம்.

எல்லா நகர்த்தலும் ஒன்றுபோல நிலைப்பதில்லை. மேல்தாடையை மேலே ஏற்றினால் நன்றாக நிற்கும். அகலப்படுத்தினால்தான் பழைய இடத்துக்குத் திரும்பும் வாய்ப்பு அதிகம். கீழ்த்தாடையைப் பின்தள்ளுவதும் அவ்வளவு நம்பகமில்லை. வெட்டிய எலும்பைக் கம்பியால் கட்டிய காலத்தைவிட, டைட்டானியம் தகடும் திருகும் வந்தபின் நிலைமை தேவலை. தாடை பழைய இடத்துக்கு நகர்வது பெரும்பாலும் முதல் வருடத்தில்தான் என்பதால் அப்போது பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. அப்புறம் ரீடெய்னர், அதாவது பற்கள் இடம் மாறாமல் இருக்க மாட்டிக்கொள்ளும் சாதனம். என் மகனுடையது பாதி நாள் டப்பாவில்தான் கிடக்கிறது!

அடுத்த கட்டுரையில், அறுவை செய்து சில வருடமானவர்களின் படங்களையும் போடுங்கள்.

– ஒரு தாய், பாளையங்கோட்டை