கூட்டத்துக்கு வந்தால் அதிகாரம் வந்துவிடுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

ஊட்டச்சத்துத் திட்ட அறிக்கைகளில் ‘பெண்கள் அதிகாரம் பெற்றனர்’ என்ற வரியை அடிக்கடி பார்க்கிறேன். ஆதாரம் என்னவென்று தேடினால், பயிற்சிக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்குதான் இருக்கிறது. வந்து உட்கார்ந்தவருக்கு வீட்டில் எந்த முடிவு கையில் இருக்கிறது? அதைக் கேட்பதே இல்லை.

அளக்கக் கருவி இல்லாமல் இல்லை. 2012-ல் வெளியான வேளாண்மையில் பெண்களின் அதிகாரக் குறியீடு உற்பத்தி, வளங்கள், வருமானம், தலைமை, நேரம் என்று 5 களங்களைப் பார்க்கிறது. இதில் நேரம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. வெளிவேலையும் வீட்டுவேலையும் சேர்ந்து ஒரு நாளில் 10.5 மணி நேரத்தைத் தாண்டினால், அந்தப் பெண்ணுக்கு நேரப் பஞ்சம் என்கிறது அந்தக் குறியீடு. நம் திட்டங்களோ சத்தான சமையல், எடை பார்க்கும் நாள், கூட்டம் என்று எல்லாவற்றையும் தாயின் தலையிலேயே கட்டுகின்றன. குழந்தையின் எடை கூடி, அவள் தூக்கம் குறைந்தால் அதையும் வெற்றி என்றே எழுதுவோமா?

அப்புறம், கேட்கும் விதம். கணவரோ மாமியாரோ பக்கத்தில் இருக்கும்போது, ‘என்ன வாங்குவது என்று யார் முடிவு செய்கிறீர்கள்?’ என்றால் ‘சேர்ந்துதான்’ என்றுதான் பதில் வரும். தனியாக உட்கார்ந்து கேட்க வேண்டும்.

அவள் தட்டையும் பாருங்கள். 15 முதல் 49 வயதுப் பெண்கள் முந்தைய நாளில் 10 உணவு வகைகளில் குறைந்தது 5 வகைகளையாவது சாப்பிட்டார்களா என்று பார்க்கும் எளிய அளவுகோல் ஏற்கெனவே இருக்கிறது. அடுத்த மதிப்பீட்டுப் படிவத்திலேயே அதையும் நேரக் கணக்கையும் சேர்க்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி