கமாண்டோ வரட்டும், கேட் சாவி யாரிடம் இருக்கும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2027 சீ விளையாட்டுப் போட்டி, அதாவது தென்கிழக்காசிய நாடுகளின் விளையாட்டுப் போட்டி, நம் மலேசியாவில் நடக்கப் போகிறது, கோலாலம்பூரோடு நம்ம ஜொகூரிலும் ஆட்டங்கள் இருக்குமாம். எங்கள் லாயாங் லாயாங் ஒட்டுக்கடையில் இப்போதே யார் யார் கார் எடுப்பது என்கிற அளவுக்குப் பேச்சு போய்விட்டது. நான் எழுத வந்தது டிக்கெட் பற்றி இல்லை, பாதுகாப்பு பற்றி.

அண்டை நாடுகளோடு பாதுகாப்பு ஒத்துழைப்பு என்றதும் பத்திரிகையில் என்ன படம் வரும் என்று உங்களுக்கே தெரியும். முகமூடி போட்ட கமாண்டோ, ஹெலிகாப்டர், நாலு அதிகாரிகள் கை குலுக்குவது. அதெல்லாம் வீண் என்று சொல்ல மாட்டேன். 2017 ஆகஸ்டில் இங்கே சீ போட்டி நடந்தபோது பிலிப்பைன்ஸில் தீவிரவாதிகள் புகுந்த மராவி நகரம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் மலேசியா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் மூன்றும் சேர்ந்து கடல் ரோந்தைத் தொடங்கின. தேவையான வேலைதான். ஆனால் நம் வட்டாரத்தில் ஒரு விளையாட்டரங்கத்துக்குள் ஒரே இரவு நடந்த நெரிசலில் 135 பேர் செத்தார்களே, 2022 அக்டோபர் 1, இந்தோனேசியாவில் மலாங் வட்டாரத்து கஞ்சுருஹான் அரங்கத்தில், காற்பந்து ஆட்டம் முடிந்ததும், அங்கே எந்தத் தீவிரவாதி வந்தான்? எதிரணி ரசிகர்கள்கூட இல்லை, அவர்களை வர வேண்டாம் என்று முன்பே தடுத்துவிட்டார்கள். தோற்ற ஆத்திரத்தில் சிலர் திடலில் இறங்க, போலீஸ் கண்ணீர்ப் புகை அடிக்க, மொத்தக் கூட்டமும் வாசலுக்கு ஓட, வாசல் குறுகலாகவும் சில இடத்தில் சரியாகத் திறக்காமலும் இருக்க, மூச்சு முட்டியும் மிதிபட்டும் செத்தார்கள். அரங்கத்துக்குள் அந்தப் புகையைப் பயன்படுத்தக் கூடாது என்று ஃபிஃபா விதியே இருக்கிறது.

இதை நான் படித்துவிட்டு மட்டும் சொல்லவில்லை. தோட்டத்தில் வேலை போன பிறகு சில வருடம் ஜாகா வேலை, அதாவது காவலாளி வேலை, பார்த்தேன். ஒரு முறை ஒரு ஸ்டேடியத்தில், பெயர் வேண்டாம், ஒரு நாள் கூலிக்கு எங்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். எனக்குக் கிடைத்தது பின்பக்கத்து கேட். சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. சாவி எங்கே என்று கேட்டேன். சூப்பர்வைசரிடம் இருக்கிறது என்றார்கள். அவர் எங்கே? பசியாறப் போயிருக்கிறார். அவர் திரும்பியபோது முதல் பாதி முடிந்திருந்தது. என் பக்கத்தில் நின்ற நேப்பாளத் தம்பிக்கு அவசரம் என்றால் எந்தப் பக்கம் ஆட்களை அனுப்புவது என்று யாரும் சொல்லவில்லை, எனக்கும்தான். கஞ்சுருஹான் செய்தி வந்த அன்று எனக்கு அந்தச் சங்கிலிதான் கண்ணில் நின்றது.

சரி, அண்டை நாடு இதில் எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். கூட்டம் வருவதே அங்கிருந்துதானே! சிங்கப்பூருக்குப் போகும் ஜொகூர் பாலத்தைச் சாதாரண நாளிலேயே 3 லட்சம் பேருக்கு மேல் கடக்கிறார்கள். 2010 சுசுகி கிண்ணம் என்கிற ஆசியான் காற்பந்துப் போட்டியின் இறுதிச் சுற்று முதல் ஆட்டத்தில் நம்ம கே. ராஜகோபால் பயிற்சியில் மலேசியா 3-0 என்று அடித்தபோது எங்கள் கடையில் மேசை உடைந்தது, அவ்வளவு சந்தோஷம். ஆனால் அதே ஆட்டத்தில் நம் ஆட்கள் இந்தோனேசிய கோல்கீப்பர் முகத்தில் லேசர் அடித்து ஆட்டமே நின்றது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 2019 செப்டம்பரில் ஜாகர்த்தாவில் அது வட்டியோடு திரும்பி வந்தது, நம் ரசிகர்கள் இருந்த பக்கம் பாய்ந்தார்கள், ஆட்டம் நின்றது, பிறகு அவர்கள் அமைச்சரே மன்னிப்புக் கேட்டார்.

ஐரோப்பாவில் 1985இல் பெல்ஜியத்து ஹெய்சல் அரங்கத்தில் ரசிகர் கலவரத்தில் 39 பேர் செத்த பிறகு இப்படிப்பட்ட கலவரத்தைத் தடுக்கவென்றே உடன்படிக்கை போட்டார்கள், 2016இல் அதைப் புதுப்பித்தார்கள். ஒவ்வொரு நாட்டிலும் காற்பந்துத் தகவலுக்கு என்று ஒரு நிரந்தர போலீஸ் அலுவலகம். ரசிகர்கள் வெளிநாடு போனால் அவர்களை அடையாளம் தெரிந்த சொந்த ஊர் போலீஸ்காரர் சிலர் கூடவே போகிறார்கள். இது ஒன்றும் பெரிய கண்டுபிடிப்பு இல்லை. அந்தக் காலத்தில் எங்கள் தோட்டத்துப் பையன்கள் பக்கத்துத் தோட்டத்துக்குப் பந்து விளையாடப் போனால் லாரியில் தண்டல் ஒருவரும், வேலையாட்களை மேய்க்கிறவர், ஏறுவார். யார் முரடன், யார் கள்ளுக்கடை வழியாக வந்தவன், எவனை யாருக்குப் பக்கத்தில் உட்கார வைக்கக் கூடாது என்பது அவருக்குத்தான் தெரியும். அந்தத் தோட்டத்துத் தண்டலும் இவரும் ஆட்டத்துக்கு முன்பே ஒரு தே தாரிக் குடித்துப் பேசி முடித்துவிடுவார்கள். அப்புறமும் அடிதடி நடந்தது உண்டு, ஆனால் மண்டை உடைந்ததில்லை.

ஆசியான் போலீஸ் அமைப்பான ஆசியானாபோலின் செயலகம் 2010 முதல் கோலாலம்பூரில்தான் இருக்கிறது. அவர்கள் நினைத்தால் ஒவ்வொரு நாட்டிலிருந்தும் தங்கள் ரசிகர்களோடு நாலு பேர் வர ஏற்பாடு செய்ய முடியாதா? சுமுகமாக இருக்கும்போதே செய்ய வேண்டும். 2025 டிசம்பரில் தாய்லாந்தில் சீ போட்டி தொடங்கிய மறுநாளே கம்போடியா தன் பிள்ளைகளைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போய்விட்டது, எல்லையில் சண்டை. அந்த நிலைமை வந்த பிறகு யார் யாரோடு உட்கார்ந்து பேசுவது?

இன்னொன்று. தினக்கூலிக்கு ஜாகாக்களை எடுப்பதாக இருந்தால் ஆட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே கூட்டிக்கொண்டு போய் எல்லா வாசலையும் நடக்க விடுங்கள், அதற்கும் கூலி கொடுங்கள். அவசரத்தில் என்ன செய்வது என்பதை மலாயிலும் தமிழிலும் நேப்பாளியிலும் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். பூட்டு போட்டால் சாவி அந்த கேட்டில் நிற்கிறவன் இடுப்பில் இருக்க வேண்டும். ஜொகூர் ஆட்டத்துக்கு ஆள் தேவை என்றால் நானும் வரத் தயார், முழங்கால் வலி இருப்பதால் ஒரு நாற்காலி மட்டும் போட்டுக் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
பழைய ஜாகா,
லாயாங் லாயாங், ஜொகூர்