பாகவதர் இசைத்தட்டுகளுக்கு நெல்லையில் ஓர் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய பக்திப் படங்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். எம்.கே. தியாகராஜ பாகவதர் நடித்த ‘ஹரிதாஸ்’ 1944 தீபாவளிக்கு வெளியாகி, சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டதை விரிவாக எழுதியிருந்தார்கள். அந்தப் படம் எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பது பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை.

என் தகப்பனார் வீரவநல்லூரில் ரேடியோ செட் வாடகைக்கு விட்டவர். சேரன்மகாதேவியிலிருந்து கடையம் வரை எந்த ஊரில் அம்மன் கொடை என்றாலும் எங்கள் சாமான் மாட்டு வண்டியில் ஏறிவிடும். ஆம்ப்ளிஃபயர், பேட்டரி, இரண்டு ஒலிபெருக்கிக் குழாய், கிராமஃபோன் தட்டுப் பெட்டி. தென்னை மரத்தில் குழாயைக் கட்டி, முதலில் பிள்ளையார் பாட்டுப் போடுவார். அடுத்தது பாகவதர்தான். படம் டூரிங் கொட்டகையில் சில நாள் ஓடிவிட்டுப் போய்விடும். பாட்டு ஊரிலேயே தங்கிவிடும். கொட்டகைப் பக்கமே போகாத ஆச்சிமார் ‘கிருஷ்ணா முகுந்தா முராரே’யை அடி பிசகாமல் பாடுவார்கள். எங்கள் ஊர்களுக்கு ஹரிதாஸ் காது வழியாக வந்த படம்.

அந்தத் தட்டு அரக்கில் செய்தது. கை தவறினால் சில்லு சில்லாகிவிடும். நிமிஷத்துக்கு 78 சுற்று. ஒரு பக்கம் மூன்று நிமிஷத்துக்குச் சற்று மேலே ஓடினால் அதிகம். ஊசியை அடிக்கடி மாற்றாவிட்டால் தட்டின் வரியை அரித்துவிடும் என்பதால், ஊசி டப்பாவை அப்பா சட்டைப் பையிலேயே வைத்திருப்பார். ‘அன்னையும் தந்தையும் தானே’ தட்டில் ஓரமாக மயிரிழை விரிசல் ஒன்று உண்டு. சுற்றுக்கு ஒரு தடவை ‘டக்’ கென்று சத்தம் வரும். ஆனாலும் அதைப் போடச் சொல்லித்தான் கேட்பார்கள். பெற்றவர்களை வீட்டைவிட்டு விரட்டிய ஒருவன், காலிழந்து, திருந்தி, அவர்களைத் தேடி வந்து பாடுகிற பாட்டு அது. கோயில் வாசலில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வதை நானே பார்த்திருக்கிறேன்.

போர்க்காலத்தில் ஃபிலிம் தட்டுப்பாடு. படம் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்று அரசாங்கமே கட்டுப்பாடு விதித்திருந்தது. அந்த அளவுக்குள் இயக்குநர் சுந்தர் ராவ் நட்கர்ணி இத்தனை பாட்டையும் கதையையும் அடக்கியிருக்கிறார் என்பதை இளையவர்கள் கவனிக்க வேண்டும். பாட்டெழுதிய பாபநாசம் சிவன் எங்கள் பொதிகையடிப் பாபநாசத்துக்காரர் என்று இங்கே பலர் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர் தஞ்சாவூர்ச் சீமைக்காரர். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். படம் வந்த அதே 1944இல், டிசம்பரில் பாகவதர் கொலை வழக்கில் கைதானார், 1947இல்தான் விடுதலை. அடுத்த இரண்டு தீபாவளிக்கும் அவர் சிறைக்குள் இருந்தார், படம் வெளியே ஓடிக்கொண்டிருந்தது. ஜனங்கள் அந்தக் குரலைக் கைவிடவில்லை.

ஹரிதாஸ் படச்சுருள் தப்பிப் பிழைத்தது நம் பாக்கியம். 1935இல் ஒரு லட்சம் ரூபாய் சம்பளத்துக்கு கே.பி. சுந்தராம்பாள் நடித்த ‘நந்தனா’ரை இன்று பார்க்க வழியில்லை. அந்தக் காலத்து நைட்ரேட் ஃபிலிம் எளிதில் தீப்பிடிக்கும், பொடிந்தும் போகும். அப்படித் தொலைந்த படங்களுக்கு மிஞ்சியிருப்பது தட்டும், கொட்டகையில் விற்ற பாட்டுப் புத்தகமும்தான். அவையும் இப்போது போய்க்கொண்டிருக்கின்றன. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மச்சைச் சுத்தம் செய்தபோது இரண்டு சாக்குத் தட்டுகளைக் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டார்கள். கேட்டதும் எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. பெரிய தொண்டு செய்கிறது. ஆனால் சிவந்திபுரத்திலோ களக்காட்டிலோ இருப்பவர் பழைய தட்டைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கா போவார்? பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகத்திலோ மாவட்ட மைய நூலகத்திலோ ஓர் அறை ஒதுக்கினால் போதும். ஈரமில்லாத அறை வேண்டும். தட்டுகளைப் படுக்கவைத்து அடுக்காமல் நிறுத்திவைக்க அலமாரி வேண்டும். கணினியில் பதிவு செய்யத் தெரிந்த பிள்ளைகள் இங்கே கல்லூரிதோறும் இருக்கிறார்கள். கேட்பவர் வந்து உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போகலாம்.

மாவட்ட ஆட்சியர் இதைக் கவனிக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். அறை ஒதுக்கினால் அப்பாவின் தட்டுப் பெட்டியை அப்படியே கொண்டுவந்து ஒப்படைக்கிறேன். அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் முன்பு செட் வைத்திருந்த குடும்பங்களில் எனக்குத் தெரிந்தவர்களிடம் பேசி வாங்கித் தரவும் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ரேடியோ செட்காரர் மகன்,
வீரவநல்லூர்.