பார்த்துக்கொள்பவரின் மனசையும் கேளுங்கள்

ஐயா,

என் மாமியாருக்குப் பக்கவாதம் வந்து மூன்று வருடம் ஆகிறது. பகலில் திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ராத்திரி இரண்டு தடவை எழுந்து அவரைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். போன ஐப்பசியில் ஒருநாள் ஊட்டிய கஞ்சியை அவர் துப்பிவிட, கரண்டியை விசிறி அடித்துவிட்டேன். அத்தை எதுவும் பேசவில்லை. வேலை செய்கிற இடது கையால் முந்தானையை இழுத்து, தானே வாயைத் துடைத்துக்கொண்டார். அது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அப்புறம்தான் பக்கத்து வீட்டு அக்கா மனவளக்கலை மன்றத்துக்குக் கூட்டிப்போனார். வேதாத்திரி மகரிஷி வகுத்துத் தந்த தியானம். கண்ணை மூடி முதலில் குடும்பத்தாரை, பிறகு நமக்கு ஆகாதவர்களையும் 'வாழ்க வளமுடன்' என்று வாழ்த்த வேண்டும். முதல் இரண்டு வாரம் அழுகைதான் வந்தது. இப்போதும் கோபம் வருகிறது, ஆனால் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் பொறுக்க முடிகிறது. தூக்கமும் பரவாயில்லை. போன வாரம் அத்தை குழறலாக, "நீ சாப்டியா கண்ணு?" என்றார்.

2013-இல் வெளிவந்த அமெரிக்க விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வில், தினம் அரை மணி நேரம் இரண்டே வாரம் இதைப் போலவே பிறர் துன்பம் நீங்க வேண்டும் என்று மனசார நினைக்கும் கருணைத் தியானம் பழகியவர்கள், அநியாயத்துக்கு ஆளான முன்பின் தெரியாதவருக்குத் தங்கள் பணத்தைக் கூடுதலாக விட்டுக்கொடுத்தார்களாம். மருந்துக்கு இது மாற்று இல்லை, சரி. ஆனால் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வருகிறவர்கள், நோயாளியைப் பார்த்த கையோடு பார்த்துக்கொள்பவருக்கும் பத்து நிமிடம் இதைச் சொல்லித்தர அரசு ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, அவிநாசி