குழாயை யார் கழுவுகிறார்கள்?

பெகு, பர்மா,
ஆடி மாதம்.

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீ அனுப்பிய ஆராய்ச்சித் திட்டத்தை இரண்டு ராத்திரி உட்கார்ந்து படித்தேன். கண்ணாடி விரியன் கடித்து வருகிறவர்களில் யாருக்குச் சிறுநீரகம் பழுதாகிறது, எத்தனை மணி நேரத்துக்குள் மருந்து ஏற்றினால் தப்பிக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறாய். நம் வயல்காட்டுச் சனங்களின் கேள்வி இது. நீ அதை எடுத்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லத் தெரியவில்லை. முப்பது வருஷம் ஆஸ்பத்திரி லேபில் நின்றவன் என்பதால் மனசில் பட்டதை எழுதுகிறேன்.

'இருபது நிமிட ரத்த உறைவுச் சோதனை' என்று ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாய். உன் ஆராய்ச்சியே அந்த வரியில்தான் நிற்கிறது. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம். 20 நிமிடம் அசைக்கக் கூடாது. பிறகு ஒரே ஒரு தடவை சாய்த்துப் பார்க்க வேண்டும். உறைந்திருந்தால் சரி. ஓடினால் விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்று அர்த்தம்.

நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஓர் அறுவடைக் காலத்தில் ஆராய்ச்சிக் குழு ஒன்று நான் இருந்த ஆஸ்பத்திரிக்கு வந்தது. நோட்டுப் புத்தகம், படிவம் எல்லாம் புதுசு. வருகிறவர்களுக்கெல்லாம் ரத்தம் உறையவில்லை என்றே எழுதிக்கொண்டிருந்தோம். கடித்த இடத்தில் வீக்கம்கூட இல்லாத ஒரு பையனுக்கும் உறையவில்லை. சந்தேகம் வந்து என் கை நரம்பிலேயே ரத்தம் எடுத்து ஊற்றிவைத்தேன். 20 நிமிடம் கழித்துச் சாய்த்தேன். தண்ணீர் மாதிரி ஓடியது. எனக்குக் கை நடுங்கிவிட்டது.

அப்புறம் விசாரித்தால், குழாய்களைக் கழுவும் பெண் நன்றாகப் பளிச்சென்று இருக்கட்டும் என்று சோப்புத் தூள் போட்டுத் தேய்த்திருக்கிறாள். கண்ணாடியின் பரப்பு பட்டுத்தான் ரத்தம் உறையத் தொடங்கும். சோப்பு ஒட்டியிருந்தால் அது நடக்காது. பிளாஸ்டிக் குழாய் என்றாலும் இதே கதைதான். அவள் மேல் தப்பில்லை, அவளிடம் யாரும் சொல்லவே இல்லை. நானும் சொல்லவில்லை. அந்தப் பருவம் எழுதியதெல்லாம் வீணாகப் போனது. அதற்காகக் கை நீட்டி ரத்தம் கொடுத்தவர்களை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

ஆகவே முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்னால் ஒரு வாரம் அவசர வார்டு பெஞ்சில் போய் உட்கார். படிவத்தில் 'கடித்த நேரம்' என்று கட்டம் போட்டிருக்கிறாய். வயலில் யார் கையில் கடிகாரம் இருக்கிறது? பொங்கிகள் (புத்த பிக்குகள்) சோறு வாங்க வந்ததற்கு முன்னாலா பின்னாலா, மோல்மேன் ரயில் போய்விட்டதா என்று கேட்டால் அரை மணிக்குள் நேரம் பிடித்துவிடலாம். மூத்திர அளவும் அப்படித்தான். ஒரு நாளைக்கு 400 மில்லிக்குக் கீழே போனால் சிறுநீரகம் அடிபடுகிறது என்று எடுத்துக்கொள்வீர்கள். ஆனால் கூட இருக்கும் அக்காளோ தம்பியோ கழிவறையில் கொட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். கோடு போட்ட பாட்டில் ஒன்றை அவர்கள் கையில் கொடுத்து, கொட்டக்கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடு. ராத்திரி டியூட்டி நர்ஸுக்கு இன்னொரு படிவம் நிரப்ப நேரம் இருக்கிறதா என்று அவளிடமே கேள்.

சம்மதம் வாங்குவதைப் பற்றி ஒரு சொல். முதலில் மருந்து, பிறகுதான் பேச்சு. அந்தப் பயத்தில் 'சயாமா', அதாவது டாக்டரம்மா, எதை நீட்டினாலும் கைநாட்டு வைப்பார்கள். ஆராய்ச்சியில் சேராவிட்டாலும் இதே வைத்தியம்தான் கிடைக்கும் என்பதை அவரவர் பேச்சில் சொல். கரேன்காரருக்குக் கரேனில், நம்மவருக்குத் தமிழில்.

உன் திட்டம் டிஸ்சார்ஜ் நாளோடு முடிகிறது. அதை நீட்டு. இந்தப் பாம்பு கடித்துப் பிழைத்த சிலருக்குப் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி கெட்டுப்போவதை நம் நாட்டு நோயாளிகளை வைத்துத்தான் ஆராய்ச்சியாளர் துன் பேயும் கூட்டாளிகளும் 1987இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். வீட்டுக்குப் போனவரை மறுபடி பார்க்காவிட்டால் அது தெரிந்திருக்காது. சோர்வு, மாதவிலக்கு நின்றுபோவது என்றெல்லாம் பிறகு வந்தால் அதைப் பாம்போடு யார் சேர்த்துப் பார்ப்பார்கள்?

நெறிமுறைக் குழுவுக்கு உடனே அனுப்பிவிடு. அனுமதி தீபாவளி தாண்டி வந்தால் அறுப்பு முடிந்து ஒரு வருஷம் போய்விடும்.

சோப்பு படாத புதுக் கண்ணாடிக் குழாய் ஒரு பெட்டி வாங்கி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ரயிலில் வரும் பக்கத்து வீட்டுத் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன். முதலில் உன் ரத்தத்தை ஊற்றிப் பார்த்துவிட்டு, 20 நிமிடத்தில் உறைந்ததா என்று எனக்குச் சொல்.

அன்புடன்,
அப்பா