கிளா வேரைக் கஷாயம் போடச் சொல்லலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மூலிகைப் பக்கத்தில் கிளாச்செடியைப் பற்றிப் படித்தேன். வேலியோரத்து முள்செடிக்கு ஒரு பக்கம் ஒதுக்கியது சந்தோஷம். ஆனால் கடைசிப் பத்தியில், அதன் வேரை வீட்டிலேயே கஷாயம் வைத்துக் குடிக்கலாம் என்று போகிறபோக்கில் எழுதியிருப்பது சரியில்லை. கிளா, அரளிக் குடும்பத்துச் செடி. காயைக் கிள்ளினாலே பால் வடியும். வேரில் இதயத்தைப் பாதிக்கக்கூடிய பொருள்கள் இருக்கின்றன. நாட்டு வைத்தியத்தில் வேருக்கு இடம் உண்டுதான், இல்லை என்று சொல்லவில்லை. அது அளவும் பக்குவமும் தெரிந்த வைத்தியர் கையில் இருக்க வேண்டியது. இதய நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிற ஒருவர் உங்கள் பக்கத்தைப் பார்த்துக் குடித்துவைத்தால் யார் பொறுப்பு?

காயைப் பற்றித்தான் நீங்கள் இன்னும் தாராளமாக எழுதியிருக்கலாம். 1960-ல் எல்லை பிரித்தபோது திருத்தணி தமிழ்நாட்டுக்குப் போனது, எங்கள் நகரி ஆந்திரத்தில் நின்றது. சமையல் மட்டும் கலந்தே கிடக்கிறது. தமிழ் வீடுகளில் கிளாக்காயை இரண்டாக வகுந்து, விதை எடுத்து, பால் போக உப்புத் தண்ணீரில் அலசி ஊறுகாய் போடுவோம். பக்கத்துத் தெலுங்கு வீட்டில் அதையே வாக்காய் என்று துவரம்பருப்போடு வேகவைத்துப் பப்பு செய்வார்கள். புளியே தேவைப்படாது. புளியோதரைக்கும் அதுதான். பித்தத்துக்கும், காய்ச்சல் விட்டு நாக்கு செத்துக் கிடப்பவர்களுக்கும், மசக்கைக் குமட்டலுக்கும் இந்த ஊறுகாயைத் தொட்டுக்கொள்ளக் கொடுப்பது இங்கே பழைய வழக்கம். வயிற்றுப்புண் உள்ளவர்கள் மட்டும் தள்ளி இருப்பது நல்லது, புளிப்பு அப்படி. கறுத்துப் பழுத்ததைச் சும்மாவே தின்னலாம்.

அப்புறம், பேக்கரி கேக்கின் மேல் சிவப்பாக உட்கார்ந்திருக்கும் ‘செர்ரி’ பல கடைகளில் இதே கிளாக்காய்தான். விதை நீக்கி, சாயம் ஏற்றி, சர்க்கரைப் பாகில் ஊறப்போட்டது. அதில் மருந்துக் குணத்தைத் தேட வேண்டாம் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

வேரைப் பற்றிய எச்சரிக்கையை அடுத்த இதழில் அதே மூலிகைப் பக்கத்தில், கண்ணில் படும்படி கட்டம் கட்டிப் போடுங்கள். கடிதப் பகுதியோடு விட்டுவிட்டால் கஷாயம் வைக்கப்போகிறவர் பார்க்க மாட்டார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நகரி, ஆந்திரம்